அவரு சொல்லுதாரு

புருஷனின் தாடையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குணசீலி கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவினாள். தலை கனத்தது. மனுஷத் தலை இவ்வளவு கனம் என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவளுக்குத் தெரியாது; பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இந்தக் கட்டிலில் போட்ட பிறகுதான் தெரிந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது, ஆனால் எல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். அது அவளுக்கும் தெரியும், அந்தக் கண்களைப் பார்த்தாலே தெரியும். சவரம் செய்யாமல் விட்டால் வெள்ளைத் தாடி முள்ளு முள்ளாக வந்து ஆளைப் பத்து வயசு கூட்டிக் காட்டுகிறது, கொழுந்தன் ஜெயசிங் பார்த்தால் அண்ணனைக் கவனிக்கலையோ மதினி என்று ஒரு வார்த்தை கேட்பான், நேரடியாகக் கேட்க மாட்டான், ஜெபத்தில் சொல்லுவான், ஆண்டவரே பணிவிடை செய்கிற கைகளுக்கு உண்மையைத் தாரும் என்பான். டீ நேரத்துக்கு வருவார்கள். ஜெயசிங்கும் சபை மூப்பர் அருமைநாயகம் ஐயாவும். காலையில் சபை முடிந்து செருப்பு மாட்டும்போது ஜெயசிங் வந்து சொன்னான்: "சாயங்காலம் வாரோம் மதினி. இந்தத் தடவை நானே அண்ணன் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிடுதேன்." நானே என்றதில் ஓர் அழுத்தம். அவள் முக்காட்டை இறக்காமலே தலையாட்டினாள். முக்காட்டுக்குள் காது சுட்டது. காலையில் பிரசங்கமும் அதுதான். மூப்பர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினார், யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை என்று காட்டுவதற்காக. கிறிஸ்து சபைக்குத் தலை, புருஷன் மனைவிக்குத் தலை, தலை சொன்னதைச் சரீரம் செய்யும், செய்யாவிட்டால் அதற்குப் பேர் வியாதி. சகோதரிகள் பக்கம் யாரோ ஒருத்தி ஆமென் என்று வாய்க்குள் சொன்னாள். தலை. குணசீலி ரேசரைத் தண்ணீரில் நனைத்து உதறினாள். தலை இப்போது என் உள்ளங்கையில் இருக்கு, நான் விட்டா அந்தப் பக்கம் சாயும், வாயோரம் எச்சில் வடியும், அதை நான் துடைக்கணும். இதையும் யாராவது ஃபேனைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் பண்ணட்டும்.

சீ, என்ன நினைப்பு இது. மெதுவாக, மேலிருந்து கீழே, காதோரத்திலிருந்து இழுத்தாள். நுரை வழிந்து ரேசரில் சேர்ந்தது. ஜன்னலில் உப்புக்காற்று, தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுத்திருக்கும் நேரம், தெருவில் ஒரு நாய் கூட இல்லை. உள்ளறையில் மகள் பெர்சிஸ் யூனிபாரத்துக்கு இஸ்திரி போடுகிறாள், சூடான துணி வாசனை வருகிறது. சாயங்காலம் வருகிறார்கள் என்று சொன்னதும், "நீங்க பாத்துக்குவீங்கல்லம்மா" என்றாள், அவ்வளவுதான். நீங்க பாத்துக்குவீங்கல்ல. அந்த நம்பிக்கைதான் நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்றால் வந்த சம்பந்தத்தை அப்பா வேண்டாம்னு சொல்லிட்டாங்க என்றுதான் பெர்சிஸும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரும் நினைக்கிறது, ஜெயசிங் மட்டும் நினைக்கவில்லை. அவன் கெட்டிக்காரன், அவனுக்கு அண்ணனைத் தெரியும்.

அவர் பேரில் பேசுவது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால், அது பொய்யாக ஆரம்பிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் டாக்டர் அவளைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்துத்தான் கேட்பார், சார் என்ன சொல்றார் என்று. அவள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொள்வாள். ஆமான்னா அழுத்தணும், வேண்டாம்னா விரலை விட்டுடணும், இது இரண்டு பேரும் பழகிக்கொண்டது. அழுத்தினார் என்றால் ஆமா சொல்லுதாரு என்பாள். அது உண்மைதான். முதல் மாசம் முழுக்க உண்மைதான். பிறகு ஒரு நாள் கட்டிலை உள்ளறையிலிருந்து முன்னறைக்கு மாற்ற ஆள் வந்தபோது, ஜெயசிங் வேண்டாம், வாறவன் போறவன் எல்லாம் அண்ணனை இந்தக் கோலத்துல பாக்கணுமா என்றான். அவளுக்கோ இருட்டறையில் அவர் கூரையையே பார்த்துக் கிடப்பது தாங்கவில்லை. கேட்க நேரமில்லை, ஆள் காத்துக்கொண்டு நின்றான். அவரு முன்னாலதான் வேணும்னு சொல்லுதாரு என்று வாயில் வந்துவிட்டது. ஜெயசிங் உடனே ஒதுங்கி வழிவிட்டான். அண்ணன் சொன்னா சரி. அந்த நிமிஷம் அவளுக்குள் என்னவோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷம் நான் சொல்லுதேன், நான் சொல்லுதேன் என்று எத்தனை தடவை வாசல்படியில் நின்று சொல்லியும் திரும்பிப் பார்க்காத ஆட்கள், அவரு சொல்லுதாரு என்றதும் கட்டிலின் கால் பக்கத்தைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. பெர்சிஸுக்கு ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி டியூட்டி போட்டபோது, பொம்பளப் பிள்ளை ராத்திரியிலயா என்று சபையில் பேச்சு வந்தது; அவரு போகட்டும்னு சொல்லுதாரு. வேலைக்கு ஒரு அக்காவை வைத்தாள்; அவரு சொல்லுதாரு. மீன்காரம்மாவிடம் கூட, ஐயாவுக்கு இந்த மீன் வேண்டாமாம் என்றாள், ஐயா மீனைப் பார்க்கவே இல்லை. இனிப்பாக இருந்தது. அதை ஒளிக்கக் கூடாது, இந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஒளித்தால் பிறகு எங்கே போய்ச் சொல்வது. இனிப்பாகத்தான் இருந்தது. கீழ்ப்படிகிறவள் என்று பேரும் கிடைத்தது, நினைத்ததும் நடந்தது. பாருங்கள், வாயில்லாத புருஷனுக்குக்கூட எப்படி அடங்கி நடக்கிறாள் என்று அருமைநாயகம் ஐயாவின் சம்சாரம் மற்ற சகோதரிகளிடம் அவளை உதாரணம் காட்டிப் பேசினாளாம்.

மேலுதட்டில் ரேசரை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூச்சு அவள் விரலில் பட்டது. பொன்னுதுரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை முன்னே எல்லாம் இப்படி நிற்காது, எதையாவது தேடிப் போய்க்கொண்டிருக்கும், கப்பல் ஏஜென்சி ஆபீஸிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தி ஜெபம் பண்ணுவார், வெளியே வரும்போது முடிவோடுதான் வருவார். "குணா, யோசிச்சேன்" என்பார். யோசிச்சேன் என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் போட்டதில்லை, கை ஓங்கினதில்லை. யோசிச்சேன், நீ வேலைக்குப் போக வேண்டாம். கல்யாணமான மறுவருஷம், டீச்சர் டிரெயினிங் முடித்து ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்திருந்தது, நீல நிறத்தில் ஒரு சேலை கூட எடுத்து வைத்திருந்தாள் முதல் நாளுக்கென்று. கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள் அவர் ஜெபித்து முடிக்கிற வரைக்கும். உள்ளே கர்த்தரும் அவரும் பேசி முடிவெடுத்தார்கள், அவள் காதைக் கதவில் வைக்கவில்லை, ஆனால் வைக்க ஆசையாக இருந்தது. என்னைப் பற்றித்தானே பேசுதீங்க ரெண்டு பேரும், நானும் உள்ளே வந்து நிக்கக் கூடாதா. உள்ளே போகவில்லை. சரிங்க என்றாள். அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு சபைக்குப் போனாள். அதற்காக அவரை வெறுக்கலாம் என்றால் அதுவும் முடியாது, உடனே இன்னொன்று வந்து குறுக்கே நிற்கும்: பெர்சிஸுக்கு முன்னால் ஒரு பிள்ளை நாலு மாசத்தில் கலைந்துபோன அன்றைக்கு, விரிப்பு, பாவாடை எல்லாவற்றையும் அவரே அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து கசக்கினார், அவளுடைய அம்மா ஓடிப்போய், நீங்க விடுங்க மாப்பிள்ளை, ஆம்பிளை செய்யுற வேலையா என்று பிடுங்கப் போனதற்கு, "இது என் சரீரம் அத்தை" என்றார். யாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. சபையில் அவர் செய்கிற பிரசங்கத்தில்கூடச் சொன்னதில்லை. அப்படியும் ஒரு மனுஷன். அந்த மனுஷன்தான் யோசிச்சேன் என்றும் சொன்னார். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவளும் பார்த்துவிட்டாள், முடியவில்லை.

இப்போது பிராங்க்ளின். சாத்தான்குளத்துப் பக்கம் நல்ல குடும்பம், அங்கே சபையில் அவனுடைய அப்பா மூப்பர், பையனுக்கு மஸ்கட்டில் வேலை, ஜெயசிங் கொண்டுவந்த சம்பந்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை. இதே முன்னறையில்தான் பிள்ளைகள் இரண்டும் பேசட்டும் என்று நாற்காலி போட்டுவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள், கட்டிலில் இவர் மட்டும் படுத்திருந்தார், தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி பெர்சிஸ் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். "ஒரு கேள்விதாம்மா கேட்டாரு. நீங்க எதிர்த்துப் பேசுவீங்களான்னு கேட்டாரு." நீ என்ன சொன்ன. "பேச வேண்டியது வந்தா பேசுவேன்னேன்." அதுக்கு? "சிரிச்சாரு. கல்யாணத்துக்கப்புறம் அது சரியாயிடும்னு சொன்னாரு. நல்லாத்தாம்மா சொன்னாரு. கோவமாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு." மாவு பிசைகிற கை நிற்கவில்லை, ஆனால் அந்தச் சிரிச்சுக்கிட்டே என்ற வார்த்தையில் பிள்ளையின் குரல் கொஞ்சம் தடுக்கியது. அப்பா சொன்னா கட்டிக்கிடுதேம்மா, ஆனா எனக்கு வேண்டாம் என்றாள். ஆனா எனக்கு வேண்டாம். குணசீலி தன் வாழ்நாளில் இந்த மூன்று வார்த்தையையும் சேர்த்து ஒரு தடவை சொன்னதில்லை. மறுநாளே ஜெயசிங்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்: அவருக்கு இஷ்டமில்ல தம்பி. வேண்டாம்னு சொல்லுதாரு. அவர் கையை அவள் தொடவே இல்லை. தொட்டால் என்ன வரும் என்று தெரியும். தம்பி கொண்டுவந்த சம்பந்தம், சபைக் குடும்பம், ஜெபிக்கிற பையன், அழுத்துவார். அதனால்தான் தொடவில்லை.

சப்பீராள். காலையிலிருந்து வேதத்தில் வருகிற இந்தப் பேர் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிறது, மூப்பர் அவளைப் பற்றிப் பேசவே இல்லை, சாராளைப் பற்றித்தான் பேசினார், சாராள் புருஷனை ஆண்டவன் என்று கூப்பிட்டாள் என்றார். குணசீலிக்குப் போனது சப்பீராள் பக்கம். நிலம் விற்ற பணத்தைப் பற்றிப் புருஷன் சபையில் பொய் சொல்லத் துணிந்தான், இவள் உடன்பட்டாள், அடங்கின மனைவி அல்லவா. அவன் விழுந்து செத்தது தெரியாமலே உள்ளே வந்தாள். அப்போஸ்தலன் அவளைத் தனியாகக் கேட்டார். அதுதான். தனியாகக் கேட்டார். நீ உன் புருஷனுக்குக் கீழ்ப்படிந்தவள், அதனால் உன்னை விட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. உன் வாயைத் திறந்து நீ சொல் என்றார். அவளும் அதே பொய்யைச் சொல்லி அங்கேயே விழுந்து செத்தாள். என் தலை சொன்னது, நான் சரீரம்தானே என்று அவள் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாளா? தப்பித்திருக்க மாட்டாள். அப்படியென்றால் கடைசியில் ஒவ்வொருத்தியும் தனியாகத்தான் நிற்க வேண்டும், கூட ஒரு தலை வராது. இதை நினைத்தபோது காலையில் சபையில் அவளுக்கு ஒரு தைரியம் வந்தது, ஆகா, இதையே ஜெயசிங்கிடம் கேட்கலாம் என்று. கேட்கலாம் என்று நினைத்த மறுகணம் அந்த நினைப்பே திரும்பி அவளைக் கடித்தது. சப்பீராள் செத்தது அடங்கினதற்காக அல்ல. பொய்க்காக. இந்த வீட்டில் பொய் சொல்லுகிறது யார்? கட்டிலில் கிடக்கிறவருக்குப் பொய் சொல்ல வாயில்லை. நீ சொல்லுகிறாய். அவருக்கிருந்த ஒரே ஒரு கை, அதன் அழுத்தம், அதையும் பிடுங்கி உன் வாயில் வைத்துக்கொண்டாய். அவர் முப்பது வருஷம் உன்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார் என்றால் நீ இப்போது அவரைக் கட்டிலோடு வெளியே நிறுத்தியிருக்கிறாய். அவராவது யோசிச்சேன் என்று தன் பேரில் சொன்னார்.

ரேசரைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள். கழுத்துப் பக்கம் இன்னும் மிச்சம் இருந்தது. இந்த நினைப்போடு அங்கே கத்தி வைக்கக் கூடாது. ஈரத்துணியால் மிச்ச நுரையை ஒற்றி எடுத்தாள், அது போதும். கேட்காமலே விட்டுவிடலாம். ஜெயசிங் வந்ததும் அவரு தூங்குதாரு என்று சொல்லலாம். ஜுரம் என்று சொல்லலாம். இந்தச் சாயங்காலத்தைத் தள்ளிவிட்டால் அடுத்தது இன்னொரு சாயங்காலம், அதற்கும் ஒரு பொய். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்தாள். கை சூடாக இருந்தது.

"ஏங்க," என்றாள். "ஒண்ணு சொல்லணும். கேட்டுக்கிடுங்க. பெர்சிஸுக்கு வந்த சாத்தான்குளத்துச் சம்பந்தம். நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு நான் தம்பிகிட்டச் சொல்லிட்டேன். உங்களைக் கேக்காமச் சொன்னேன். அது மட்டுமில்ல, இன்னும் பலதும் அப்படிச் சொல்லியிருக்கேன். தப்பு."

அவருடைய கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தெரிந்திருக்கிறது. கட்டில் முன்னறைக்கு வந்த அன்றைக்கே தெரிந்திருக்கும். எல்லா நாளும் தன் பேரில் தான் சொல்லாததையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு வராது. பிராங்க்ளினைப் பற்றி இருந்ததை இருந்தபடி சொன்னாள். குடும்பம் நல்லது என்று சொன்னாள், பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது என்று சொன்னாள், அவன் கேட்ட கேள்வியைச் சொன்னாள், சிரித்ததையும் சொன்னாள், பெர்சிஸ் தனக்கு வேண்டாம் என்றதையும், அப்பா சொன்னால் கட்டிக்கொள்வேன் என்றதையும் சேர்த்தே சொன்னாள். எதையும் ஒளிக்கவில்லை, தன் பக்கம் சாய்க்கவும் இல்லை. "நீங்க என்ன சொல்லுதீங்க? இந்தச் சம்பந்தம் வேணுமா?"

பொன்னுதுரை கண்ணை மூடினார். அது எந்த முகம் என்று அவளுக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோது பார்க்கக் கிடைக்காத முகம், இதோ சாத்தாத கதவாக எதிரிலேயே இருக்கிறது. நெற்றி சுருங்கியது, உதட்டின் இடது ஓரம் அசைந்தது. ஜெபிக்கிறார். யோசிக்கிறார். பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். மெதுவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். வேணும். அவள் மறுபடியும் கேட்டாள், "பிள்ளை வேண்டாம்னு சொன்ன பிறகுமா?" மறுபடியும் அழுத்தினார். முன்னைவிடப் பலமாக. விரல் வலித்தது.

அவ்வளவுதான், இனி தெரியாது என்று சொல்ல முடியாது. கோபம் வந்தது, பளிச்சென்று, அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்ட மாதிரி. கையை உதறிவிட்டு எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் எதிர்வீட்டுச் சுவரில் அடித்துக் கண் கூசியது. இப்பவும் அதே யோசிச்சேன். பாதி உடம்பு போயும் அது போகவில்லை. அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் அடுத்தவன் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு விடிந்து வந்து உங்களுக்கு மூத்திரக் குழாய் மாற்றுகிறாளே. நீல சேலை. உதறிய கை திரும்பி நெஞ்சில் பட்டு நின்றது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. கேட்டாய், சொன்னார். நியாயமாகச் சொன்னாய், நியாயமாக யோசித்தார், வேறாக முடிவு செய்தார். அவருக்கு அது நல்லது என்று பட்டிருக்கிறது, தான் இல்லாமல் போனால் பிள்ளை ஒரு நிழலில் இருக்கட்டும் என்று பட்டிருக்கும். உனக்கு அது நல்லது என்று படவில்லை. இரண்டு பேரும் ஒரே கர்த்தரைத்தான் கும்பிடுகிறோம். சரி. அப்படியென்றால் இன்றைக்கு இரண்டையும் சொல்ல வேண்டியதுதான். அவர் சொன்னதை அவர் பேரில். நான் சொல்லுவதை என் பேரில். இந்த எண்ணம் வந்ததும் பயம் போய்விடவில்லை, இருந்தது, ஆனால் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் உள்ளே போய் முகம் கழுவினாள், டீக்குப் பாலை வைத்தாள், தட்டில் மக்ரூன் எடுத்து வைத்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு பெர்சிஸ் வாசலில் வந்து நின்றாள். "அப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றாள். எல்லாம் கேட்டிருக்கும், சுவர் என்ன அவ்வளவு கனமா. குணசீலி ஆமா என்றாள். பிள்ளையின் முகம் வெளிறியது. "நீ வா," என்றாள் குணசீலி. "வந்து எங்கூட நில்லு. உள்ள நிக்காத."

பைக் சத்தம் கேட்டது.

அருமைநாயகம் ஐயா முதலில் வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் தோல் உறை போட்ட வேதம். பின்னால் ஜெயசிங். கட்டிலைப் பார்த்ததும் ஜெயசிங்கின் கண் எப்போதும் போல ஒரு கணம் கலங்கியது; அது நடிப்பில்லை, அண்ணன்தான் அவனைப் படிக்க வைத்து ஆளாக்கினார். மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்ன ஜெபம் செய்தார். டீயைத் தொடுவதற்கு முன்னாலேயே ஜெயசிங் கட்டிலின் இடது பக்கம் போய்க் குனிந்து அண்ணன் கையை எடுத்தான்.

"தம்பி, கொஞ்சம் இருங்க," என்றாள் குணசீலி. முக்காட்டைச் சரி செய்யக் கை போனது. பாதியில் நிறுத்தினாள், தலை மூடியேதான் இருந்தது. "நீங்க கேக்க முன்ன நான் சொல்லணும். அவருக்கு இந்தச் சம்பந்தம் இஷ்டம். இப்பத்தான் கேட்டேன். ரெண்டு தடவை அழுத்தினாரு. முன்ன வேண்டாம்னு சொன்னாருன்னு உங்ககிட்டச் சொன்னது பொய். அவரைக் கேக்காமலே சொன்னேன்."

ஜெயசிங் கையைப் பிடித்தபடியே நிமிர்ந்தான். இந்த அளவுக்கு அவன் எதிர்பார்க்கவில்லை. பிடிக்கப் போன திருடன் தானே வந்து கதவைத் தட்டியது மாதிரி முகம் ஆயிற்று. "எனக்கு அப்பவே தெரியும் மதினி," என்றான். "சரி, இப்பவாவது உண்மையச் சொன்னீங்களே. ஐயா, அண்ணன் சம்மதிச்சாச்சு. அவங்களுக்கு இன்னைக்கே தகவல் சொல்லிரலாம்."

"சொல்ல வேண்டாம். நான் சம்மதிக்கல."

சத்தம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. அவள் பக்கத்தில் பெர்சிஸின் கை தன் முழங்கையைப் பிடித்திருப்பது தெரிந்தது.

மூப்பர் கோபப்படவில்லை. வயசானவர், இதமாகத்தான் பேசினார். "அம்மா, புருஷன் முடிவு தெரிஞ்ச பிறகு மனைவி வேறே ஒண்ணு சொல்லலாமா? தலைன்னு ஒண்ணை ஆண்டவர் வச்சிருக்காருல்ல. அவரு படுத்திட்டாருங்கறதுக்காக அந்த ஸ்தானம் மாறிடுமா?"

"மாறல ஐயா. அவரு ஸ்தானத்துல அவரு இருக்காரு. அதனாலதான் அவரு சொன்னதை மறைக்காம உங்ககிட்டச் சொல்லுதேன். அவரு சொல்லி நான் கீழ்ப்படிஞ்சது நிறைய. இனிமேயும் கீழ்ப்படிவேன், என் காரியத்துல. இது எம் பிள்ளை காரியம். அவளுக்கு வேண்டாம். அவளை அங்க அனுப்பினா நாளைக்கு ஆண்டவர் என்னையும் கூப்பிட்டுக் கேப்பாரு. அப்ப அவரு சொன்னாருன்னு என்னால சொல்ல முடியாது."

"நீ என்னம்மா சொல்லுத?" என்று ஜெயசிங் பெர்சிஸிடம் திரும்பினான். "அப்பா சொன்னா கட்டிக்கிடுதேன்னு எங்கிட்டயும் சொன்ன பிள்ளைதானே நீ?"

பெர்சிஸ் அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். "சொன்னேன் சித்தப்பா," என்றாள். "அப்பாவுக்கு வருத்தம்னா எனக்கும் வருத்தம்தான். ஆனா எனக்கு வேண்டாம்."

பால் ஆடை படிந்த டீ அப்படியே இருந்தது. மூப்பர் வேதத்தை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். பொய் சொன்னதாக அவளே ஒப்புக்கொண்டபடியால் சபை அதை விசாரிக்க வேண்டும், புருஷனுக்கு எதிராக நிற்பதையும் விசாரிக்க வேண்டும், அதுவரைக்கும் அப்பம் பிட்குதலில் அவள் கலந்துகொள்ளக் கூடாது, பின்வரிசையில் உட்காரலாம் என்றார். சொல்லும்போது இந்தத் தடவை ஃபேனைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தே சொன்னார். குணசீலி நினைத்துப் பார்த்தாள். அப்பத்தட்டு தன்னைத் தாண்டிப் போகும், எல்லாருக்கும் தெரியும், அருமைநாயகம் ஐயாவின் சம்சாரம் திரும்பிப் பார்க்காத மாதிரி திரும்பிப் பார்ப்பாள். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அந்தத் துண்டு அப்பத்தை விட்டதில்லை, பிள்ளை கலைந்த வாரத்தில்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"பொய்க்கு நீங்க என்ன சொன்னாலும் ஏத்துக்கிடுதேன் ஐயா," என்றாள். "பின்னாலயே உக்காருதேன். ஆனா வராம இருக்க மாட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவேன்."

ஜெயசிங் போகும்போது அண்ணன் காலைத் தொட்டுவிட்டுப் போனான். மதினியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பைக் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் வாசலில் நின்றாள். பெர்சிஸ் பின்னாலிருந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், சத்தமில்லாமல், நெடு நேரம். பிறகு டியூட்டிக்கு நேரமாகிறது என்று முகம் கழுவப் போனாள்.

குணசீலி கஞ்சியை ஆற்றிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். பொன்னுதுரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். தானாகத் திருப்பியிருந்தார், காது மடல் சிவந்து கிடந்தது. அவள் ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை. மறுபடியும் கொண்டுபோனாள். இடது கை எழும்பி வந்து அவள் மணிக்கட்டைத் தட்டிவிட்டது, கஞ்சி விரிப்பில் சிந்தியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தை இல்லை, ஆனால் கோபம் என்று யாருக்கும் புரியும். இத்தனை மாசத்தில் அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. கொடுத்ததைக் குடித்தார், திருப்பிப் போட்டால் திரும்பினார், அவர் பேரில் யார் என்ன சொன்னாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கோபப்பட ஒன்றும் அவருக்கு மிச்சம் வைக்கவில்லை யாரும். அவர் கண்ணில் நீர் முட்டியது, அவள் துடைக்கவில்லை.

"கோவப்படுங்க," என்றாள். "நீங்க சொன்னதை நான் கேக்கல. கோவம் வரத்தான் செய்யும். ஆனா இனிமே உங்களைக் கேக்காம உங்க பேர்ல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கேப்பேன். எனக்கும் சரின்னு பட்டா சரிம்பேன். முடியலன்னா இன்னைக்கு மாதிரி முகத்துக்கு நேரே சொல்லுவேன்."

அவர் திரும்பவில்லை. அவள் கிண்ணத்தைக் கட்டில் ஓரத்து மேசையில், இடது பக்கம், வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஊட்டப் போகவில்லை. போகவும் வேண்டாம் என்று கையை மடியில் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலை மெல்லத் திரும்பியது. அவளைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்தார். பயிற்சி கொடுக்க வருகிற பெண் எவ்வளவோ கெஞ்சியும் ஒரு நாளும் தொடாத ஸ்பூனை இடது கையால் எடுத்தார். கை ஆடியது. முதல் தடவை வாய்க்கு வருமுன் எல்லாம் சட்டையில் கொட்டிவிட்டது. இரண்டாம் தடவை பாதி உள்ளே போனது. மோவாயில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை, அவர் துடைக்கச் சொல்லவும் இல்லை. மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டு, கோபம் தணியாத முகத்தோடு, பொன்னுதுரை ஸ்பூனை மறுபடியும் கிண்ணத்துக்குள் விட்டார்.